பஸ்டர் கீட்டனைப் பேச்சு கொல்லவில்லை

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் குரலை நான் முதல்முதலாகக் கேட்டது ரொம்பத் தாமதமாகத்தான். அதற்குள் அவருடைய மௌனப்படங்களை எல்லாம் பார்த்து முடித்திருந்தேன், சிலவற்றை நாலைந்து தடவை. பேசும்படம் வந்தது, கீட்டன் காணாமல் போனார் என்று பலரிடம் அடித்துப் பேசியும் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல், 1930-இல் அவர் நடித்த 'ஃப்ரீ அண்ட் ஈஸி'யைப் போட்டேன். கீச்சுக்குரலாக இருக்கும், அல்லது திக்குவார், ஏதோ ஒன்று இருக்கப்போய்த்தான் ஆள் தேறவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தார். அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று வரும் குரல். அந்த முகத்துக்கு வேறு எந்தக் குரலை வைத்தாலும் ஒட்டாது. நான் அத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்த கதை அங்கேயே உடைந்துபோனது.

குரலில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் படம் சகிக்கவில்லை. கடைசிக் கட்டத்தில் அவர் முகத்தில் கோமாளிச் சாயத்தை அப்பி, உடம்பில் கயிறு கட்டிப் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி மேலே இழுத்து ஆட்டுகிறார்கள். தன் உடம்பை இப்படி அப்படி எறிந்து உலகத்தையே சிரிக்க வைத்த ஆளை வேறு யாரோ கயிறு பிடித்து ஆட்டுகிறார்கள், அதற்கு நாம் சிரிக்க வேண்டுமாம்!

அந்தக் காலத்தில் டப்பிங் இன்னும் கைகூடவில்லை. அதனால் எம்.ஜி.எம். ஸ்டுடியோ அதே செட்டில், துணை நடிகர்களை மட்டும் மாற்றி, கீட்டனின் படங்களில் சிலவற்றை ஸ்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மறுபடி எடுத்தது. அவருக்கு அந்த மொழிகள் தெரியாது. வசனத்தைக் காதால் கேட்டு அப்படியே ஒப்பித்தார். அதாவது, பேச்சு வந்ததால் ஒழிந்தார் என்று நாம் சொல்லும் மனிதர் ஆங்கிலத்தோடு சேர்த்து நாலு மொழியில் பேசி நடித்திருக்கிறார், படங்கள் காசும் பார்த்திருக்கின்றன. 1929-இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தை ஒலியோடு எடுக்கலாம் என்று முதலில் கேட்டதே அவர்தான், ஸ்டுடியோதான் வேண்டாம் என்றது. அப்புறம் எப்படி ஆள் காலியானார் என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1895 அக்டோபர் 4-இல் கேன்சஸ் மாநிலத்தின் பிக்வா என்கிற குக்கிராமத்தில் பிறந்தார். சொந்த ஊர் என்று சொல்லக்கூட முடியாது. அப்பா ஜோவும் அம்மா மைராவும் ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் கூட்டத்தோடு சேர்ந்து வேடிக்கை காட்டுகிறவர்கள், போகிற வழியில் பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான். நிஜப் பெயர் ஜோசப். 'பஸ்டர்' என்று பெயர் வைத்தது மந்திரவாதி ஹூடினி என்று ஒரு கதை உண்டு. மாடிப்படியில் உருண்டு விழுந்தும் அழாத குழந்தையைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னாராம். கீட்டனே சொன்ன கதைதான், ஆனால் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பலர் இதை நம்பவில்லை.

விவரம் தெரியாத வயதிலேயே மேடை ஏறிவிட்டார். 'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் அப்பா, அம்மா, பையன். வேடிக்கை என்னவென்றால், பையன் அப்பாவை வம்புக்கு இழுப்பான், அப்பா பையனைத் தூக்கி எறிவார். எறிவார் என்றால் நிஜமாகவே. திரைச்சீலை மேல், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள், சில சமயம் கூட்டத்துக்குள்ளேயும். பிடித்து எறிய வசதியாகப் பையனின் கோட்டு முதுகில் ஒரு சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். இன்றைக்குப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அன்றைக்கும் குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்காரர்கள் நியூயார்க்கில் இவர்களை விடாமல் துரத்தினார்கள். பையனின் உடம்பைச் சோதித்துப் பார்த்தால் காயமே இருக்காது. எப்படி விழவேண்டும் என்பது எழுத்துக்கூட்டும் வயசுக்கு முன்பே அவனுக்குப் பழகியிருந்தது. இன்னொன்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டான். விழுந்து எழுந்து சிரித்தால் கூட்டம் சும்மா இருக்கிறது. ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் குலுங்கிச் சிரிக்கிறது.

'கல்முகம்' என்று பட்டம் கொடுத்தார்களே, அது இங்கே ஆரம்பித்தது. எனக்கு அந்தப் பட்டத்தில் சம்மதமே இல்லை. சிரிக்க மாட்டார், அவ்வளவுதான். கண்ணைப் பாருங்கள்: யோசிக்கிறது, கணக்குப் போடுகிறது, பயப்படுகிறது, ஒரு பெண் திரும்பிப் பார்த்தால் உருகுகிறது. அந்த முகத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், என்னைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள் என்கிற கெஞ்சல். சாப்ளினா கீட்டனா என்கிற சண்டைக்கு நான் வரமாட்டேன், ஆனால் இந்த ஒரு விஷயத்துக்காக என் ஓட்டு எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அப்பாவின் குடி முற்றி, 1917-இல் மூன்று கீட்டன்கள் கலைந்தார்கள். இருபத்தொரு வயதில் பஸ்டர் தனியாக நியூயார்க் வந்தார். அங்கே ஒரு பெரிய மேடை நிகழ்ச்சியில் வாரம் 250 டாலர் சம்பளம் பேசி முடிவாகிவிட்டது. அதற்கு முன்னால் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்கிற நகைச்சுவை நடிகர் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவைச் சும்மா எட்டிப் பார்க்கப் போனார். போன இடத்தில் ஒரு காட்சியில் நடிக்கச் சொன்னார்கள், முகத்தில் மாவு மூட்டை வந்து அறைந்தது, நடித்தார். அன்று சாயங்காலம் அவருக்கு ஆர்வம் வந்தது நடிப்பின் மேல் இல்லை, கேமராவின் மேல். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு கேமராவை அறைக்குக் கொண்டுபோய்த் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினார். மறுநாள் 250 டாலர் வேலையை விட்டுவிட்டு வாரம் 40 டாலருக்கு சினிமாவில் சேர்ந்துகொண்டார்.

இந்தத் திருகாணி புத்திதான் கீட்டன். நடிகர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு வருஷம் ராணுவத்தில் பிரான்ஸுக்குப் போய்வந்து, அங்கே காது கொஞ்சம் மந்தமாகி, திரும்பிய பிறகு 1920-இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அவருக்கென்று தனி ஸ்டுடியோ ஏற்பாடு செய்துகொடுத்தார். அடுத்த எட்டு வருஷத்தில் நடந்ததைத்தான் நாம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்: பத்தொன்பது குறும்படங்கள், பத்து முழுநீளப் படங்கள். எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்று ஒன்று கிடையாது. ஆரம்பம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் என்ன என்பதை நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிப் பிடிப்பார்கள். யோசனை ஓடவில்லை என்றால் எல்லோரும் வெளியே போய் பேஸ்பால் ஆடுவார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே யாருக்காவது பொறி தட்டினால் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேமராவை ஓட்டுவார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கிற ஆட்களைப் பந்தாட அனுப்புகிற முதலாளியை எந்தக் கணக்குப்பிள்ளைக்குத்தான் பிடிக்கும்?

1921-இல் வந்த 'தி பிளேஹவுஸ்' குறும்படத்தில் ஒரே வரிசையில் ஒன்பது கீட்டன்கள் மேடையில் ஆடுகிறார்கள். கம்ப்யூட்டர் இல்லை, லேபில் ஒட்டுகிற வேலையும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் ஒரு பெட்டி, அதில் ஒன்பது சின்னக் கதவுகள். ஒரு கதவை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் படம் பிடிப்பது, கதவை மூடுவது, ஃபிலிமை ஆரம்பத்துக்குச் சுற்றுவது, அடுத்த கதவைத் திறப்பது. இப்படி ஒன்பது தடவை. கேமராவோ கையால் சுற்றுகிற கேமரா. எட்டாவது தடவையில் கை கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் முந்தைய ஏழும் குப்பைக்குத்தான் போகும். எல்ஜின் லெஸ்லி என்கிற கேமராமேன் அதைத் தவறாமல் செய்தார். ஆட்டம் பிசகாமல் இருக்கப் பக்கத்தில் ஒருவர் தாளம் பிடித்து பேஞ்சோ வாசித்தாராம். அந்தக் காட்சியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், ஒன்பது பேரும் ஒன்றாகத்தான் திரும்புகிறார்கள். படத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கறுப்பு மையைப் பூசிக்கொண்டு கறுப்பர்களாக வேஷம்போட்டு ஆடுகிற அன்றைய மேடைப் பழக்கமும் இருக்கிறது, அது இன்றைக்கு நெருடும், நெருடத்தான் வேண்டும்.

'ஷெர்லாக் ஜூனியர்' 1924. ஓடும் ரயில் மேல் ஓடிவந்து, தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார், தண்ணீர் கொட்டி அவரைத் தண்டவாளத்தில் அடிக்கும். அன்றைக்குத் தலைவலி. சில வாரம் இருந்தது, போய்விட்டது, படம் முடிந்தது. பல வருஷம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர், உங்களுக்குக் கழுத்தெலும்பு எப்போது உடைந்தது என்று கேட்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது. விழுந்த கையோடு எழுந்து ஓடுகிறார்.

அப்புறம் 'தி ஜெனரல்'. 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படை ஒற்றர்கள் ஒரு ரயில் எஞ்சினைத் திருடிக்கொண்டு ஓடிய நிஜச் சம்பவம். கீட்டன் கதாநாயகனைத் தெற்குப் பக்கத்து ஆளாக வைத்தார், அடிமை முறையைக் காப்பாற்றப் போராடிய பக்கம் அது என்பது படத்தில் ஒரு இடத்திலும் உறைக்காது, எனக்கு ஒவ்வொரு தடவையும் உறைக்கும். ஆனால் ரயில்! காதலி கோபித்துக்கொண்டு போனதும் எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் சோகமாக உட்காருவார். எஞ்சின் நகரும். தண்டு மேலே கீழே போகும், அவரும் மேலே கீழே போவார், எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஒன்றும் உணராமல். கிளப்பும்போது நீராவி கொஞ்சம் அதிகமாகிச் சக்கரம் வழுக்கிச் சுற்றியிருந்தால் ஆளைத் தூக்கி அடித்திருக்கும்.

ஒரேகான் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்கிற ஊரில் 1926 கோடையில் எடுத்தார்கள். ஜூலை 23 அன்று, எரியும் மரப்பாலத்தின் மேல் நிஜ எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழவைத்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர். இரண்டாவது டேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வந்து நின்றது. எஞ்சின் ஆற்றிலேயே கிடந்தது, இரண்டாம் உலகப் போரின்போதுதான் பழைய இரும்புக்காக எடுத்தார்கள். படம் ஓடவில்லை. விமர்சகர்களும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில், 1989-இல் சேர்த்த முதல் தொகுதியிலேயே அது இருக்கிறது. அதற்கென்ன, கணக்குப் புத்தகம் 1927-இல் மூடப்பட்டுவிட்டது.

இங்கேதான் ஆணி அடிக்கப்பட்டது. ஸ்டுடியோ கீட்டன் பெயரில் ஓடினாலும் அதில் ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. ஒரு எஞ்சினைத் திருகு திருகாகத் தெரிந்துவைத்திருந்தவர் தன் சொந்த ஒப்பந்தத்தை ஒரு தடவையாவது கழற்றிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஷெங்க் அவருக்கு முதலாளி மட்டுமில்லை, சகலையும்கூட. கீட்டன் மணந்தது நேட்டலி டால்மட்ஜை, ஷெங்கின் மனைவி நார்மா அவளுடைய அக்கா. வீட்டு மனிதர்தானே என்று விட்டுவிட்டார். 1927-இல் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' எடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஸ்டுடியோவை மூடப்போகிறோம் என்று ஷெங்க் சொல்லிவிட்டார்.

அந்தப் படத்தில்தான் அந்தச் சுவர். புயலில் ஒரு வீட்டின் முகப்பு முழுசாகப் பெயர்ந்து அவர் மேல் விழும், மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும், அவர் அசையாமல் நிற்பார். லேசான தட்டியாக இருந்தால் செயற்கைக் காற்றில் முறுக்கிக்கொண்டு குறி தவறும் என்பதால் சுவரை வேண்டுமென்றே கனமாகக் கட்டினார்கள். இரண்டு டன் என்பார்கள். ஜன்னல் சட்டத்துக்கும் அவருடைய தலை, தோளுக்கும் நடுவில் இரண்டு அங்குலம்தான் இடைவெளி. எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு அடையாளமாகத் தரையில் ஒரு ஆணி. படப்பிடிப்புக்காரர்களில் சிலர் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஸ்டுடியோ போய்விட்டது என்று தெரிந்த சமயத்தில் எடுத்த காட்சி, வாழ்வு வெறுத்துப்போய்தான் அப்படி நின்றார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் நாடகமாகப் படுகிறது. வெறுத்துப்போனவன் அங்குலக் கணக்குப் பார்த்து ஆணி அடிக்க மாட்டான்.

சரி, 1928. ஜோசப் ஷெங்க் அவரை எம்.ஜி.எம்.முக்கு அனுப்பினார், அதன் தாய் நிறுவனத்தை நடத்தியது ஜோசப்பின் தம்பி நிக்கோலஸ். அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்கு. போகாதே, உன்னை மென்று துப்பிவிடுவார்கள் என்கிற ரீதியில் சாப்ளினும் இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகரான ஹெரால்ட் லாய்டும் எச்சரித்தார்கள். வாரம் 3,000 டாலர். கேட்கவேண்டியவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தப்பு அதுதான் என்று பின்னால் அவரே சொன்னார்.

முதல் படம் 'தி கேமராமேன்' தப்பித்தது. நியூயார்க்குக்குப் போய் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிலவற்றைத் தன் போக்கில் எடுக்க முடிந்தது. அதில் ஒரு காட்சி: யாருமே இல்லாத யாங்கி ஸ்டேடியத்தில் கீட்டன் தனியாக பேஸ்பால் ஆடுகிறார். பந்து இல்லை, மட்டை இல்லை. எறிகிறவரும் அவரே, அடிக்கிறவரும் அவரே, ஓடிச் சறுக்கி விழுகிறவரும் அவரே, முடிந்ததும் காலியான இருக்கைகளுக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கிறார். தன் ஸ்டுடியோவில் கூட்டாளிகளோடு ஆடிய ஆட்டம். இப்போது தனியாக.

அதற்கப்புறம் இறக்கம்தான். ஒவ்வொரு காட்சியும் முன்கூட்டியே டைப் அடித்து ஒப்புதல் வாங்கியாகவேண்டும். அடிபட்டால் நஷ்டம் என்று சாகசத்துக்குத் தடை. பழைய கூட்டாளிகள் ஆளுக்கொரு இலாகாவுக்குப் பிரிந்துபோனார்கள். பல படங்களில் 'எல்மர்' என்று ஒரு அசட்டுப் பெயர் கொடுத்தார்கள். பழைய கீட்டன் அசடு இல்லை. உலகம் அவன் மேல் விழும், அவன் கணக்குப் போட்டுத் தப்பிப்பான். எல்மர் மேல் வசனம் விழுந்தது. கடைசியில் ஜிம்மி டுராண்டி என்கிற ஓயாமல் பேசும் நடிகரோடு ஜோடி சேர்த்துவிட்டார்கள். டுராண்டி பேசப் பேச கீட்டன் ஓரமாக நிற்கும் காட்சிகளை நான் வேகமாக ஓட்டிவிட்டேன்.

குடி அப்பாவிடமிருந்து வந்ததோ என்னவோ, அதிகமானது. 1932-இல் நேட்டலி விவாகரத்து வாங்கினார், வீடு போனது, இரண்டு பையன்களின் குடும்பப் பெயரும் டால்மட்ஜ் என்று மாறியது. 1933-இல் எம்.ஜி.எம். வெளியே அனுப்பியது. இடையில் நிலைக்காத ஒரு கல்யாணம். அந்த வருஷங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனசில்லை.

வலிக்கிற விஷயம் வேறு. 1937-இல் அதே எம்.ஜி.எம். அவரைத் திரும்ப எடுத்தது, வாரம் 100 டாலருக்கு, மற்றவர்கள் படத்துக்கு நகைச்சுவை யோசனை சொல்ல. சொன்னார். ரெட் ஸ்கெல்டன் நடித்த 'எ சதர்ன் யாங்கி' படத்தில் ஒரு காட்சி: இரண்டு படைகளுக்கும் நடுவில் ஒருவன் நடந்து போகிறான், ஒரு பாதி உடம்பில் வடக்குச் சீருடை, மறு பாதியில் தெற்குச் சீருடை, கையில் இரண்டு பக்கமும் இரண்டு கொடி. இந்தப் பக்கமும் கைதட்டுகிறார்கள், அந்தப் பக்கமும் கைதட்டுகிறார்கள், காற்று கொடியைத் திருப்புகிற வரைக்கும். யோசனை கீட்டனுடையது. பார்த்த உடனே தெரிந்துவிடும்.

1940-இல் எலினார் நாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஸ்டுடியோவில் ஆடிய பெண், அவரைவிட 23 வயது இளையவர், தேறாது என்று எல்லோரும் சொன்ன கல்யாணம். கடைசிவரை நிலைத்தது. பாரிஸில் மெத்ரானோ சர்க்கஸில் இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள். 1949-இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி 'லைஃப்' இதழில் மௌனப்பட நகைச்சுவைக்காரர்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை பழைய ஞாபகத்தைக் கிளப்பியது, தொலைக்காட்சி வந்தது, சாப்ளினின் 'லைம்லைட்'டில் ஒரு காட்சி கிடைத்தது. அவருடைய பழைய மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே ஃபிலிம் பெட்டிகளைக் கண்டெடுத்தார். 1960-இல் கௌரவ ஆஸ்கர். தொப்பியை மட்டும் கடைசிவரை தானேதான் செய்துகொண்டார்: நல்ல தொப்பி ஒன்றை வாங்கி உயரத்தை வெட்டிக் குறைத்து, விளிம்பைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்துச் சமதளத்தில் காயவைப்பார், அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

1964-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரை வைத்து 'தி ரெயில்ராடர்' என்று ஒரு குறும்படம் எடுத்தது. பேச்சே கிடையாது. தண்டவாளத்தில் ஓடும் சின்ன மோட்டார் வண்டியில் கனடாவைக் குறுக்கே கடக்கிறார். அந்தப் படம் எடுத்த கதையை இன்னொரு ஆவணப்படமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு மூலப்படத்தைவிடப் பிடித்தது. 69 வயது, இருமல். உயரமான ரயில் பாலத்தில் வண்டி போகும்போது பெரிய வரைபடம் ஒன்று காற்றில் அவர் உடம்பெல்லாம் சுற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய யோசனை. இளம் இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்ட்டன் ஆபத்து என்று தயங்கி, பாலத்தில் வேறு மாதிரி எடுக்கப் பார்க்கிறார். கீட்டன் அந்தக் கரகரக் குரலில் கோபப்படுகிறார். இது ஆபத்தே இல்லை, பாலம்தான் காட்சியே, வரைபடம் இல்லாமல் பாலம் எதற்கு என்கிற மாதிரி எலினாரிடம் பொருமுகிறார். இயக்குநர் இறங்கிவருகிறார்.

ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, 1966 பிப்ரவரி 1-இல் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். ஆனால் அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது. கீழே வெகு ஆழத்தில் பள்ளத்தாக்கு, பாலத்தின் மேல் சின்னதாக ஒரு வண்டி, அதில் வரைபடத்துக்குள் சிக்கிக்கொண்ட ஒரு கிழவர், எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல், மடிப்புகளை நிதானமாக ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு போகிறார்.